வேட்டியில் வடிகட்டிய சேறு

ருக்கு பிழைப்புக்குப் புழு வளர்த்தாள். மாட்டுங்காவில் இதை யாரிடமும் அவள் இப்படிச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் கேட்டால், "ஐரோலியில ஒரு லேப்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். லேப் என்றால் ரத்தம், சர்க்கரை என்று நினைத்துக்கொண்டு அந்த மாமி தன் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். ருக்குவும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நெய்யைக் குறைச்சுக்கோங்கோ" என்று அனுப்பிவிடுவாள். சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களைப் பற்றி விளக்குவதைவிட அது சுலபம்.

ஊரே துவைக்கிறது, தேய்க்கிறது, கழுவுகிறது. அழுக்குத் தண்ணீரை மோரியில் கொட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்கிறோம். அது போய்ச் சேருகிற இடத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் ருக்குவின் வேலை. இந்த முறை வந்தது துணிக்கு ஊற்றுகிற சாஃப்ட்னர். கடைசி அலசலில் ஒரு மூடி விட்டால் துணி மெத்தென்று ஆகி வாசனை அடிக்குமே, அது. அதிலிருக்கும் முக்கியச் சரக்கு தானாக மக்கிப்போகும் என்று கம்பெனி சொன்னது. பொய்யில்லை. தண்ணீரில் விட்டால் கிருமிகள் அதைத் தின்று பெரும்பாலும் தீர்த்துவிடும்.

ஆனால் அந்தச் சரக்குக்கு ஒரு குணம். எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். துணியில் ஒட்டுவதால்தான் துணி மெத்தென்று ஆகிறது. ஆற்றுக்குப் போனால் மண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அடிச்சேற்றில் காற்று கிடையாது, மக்க நாளாகும். அது மக்குவதற்குள் மேலே இருந்து புதுசு வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் இந்த ஊரில் துணி துவைக்காத நாள் ஏது. அப்படியானால் ஆற்றடியில் எத்தனை சேரும்? சேற்றையே தின்று சேற்றிலேயே கிடக்கிற புழு எத்தனை தாங்கும்? சேருவதைத் தாங்குவதால் வகுத்தால் ஒன்றுக்குக் கீழே வரவேண்டும். வந்தால் சரி. மேலே போனால் கம்பெனிக்குத் தலைவலி.

அதைக் கண்டுபிடிக்கச் சேற்றை ஜாடி ஜாடியாகப் போட்டு, சரக்கை ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் அதிகம் என்று கலந்து, மேலே தண்ணீர் விட்டு, குஞ்சுப் புழுக்களை இறக்குவார்கள். சில ஜாடிகளில் எதையும் கலக்கமாட்டார்கள். அவை சும்மா ஜாடிகள். சில வாரங்களில் புழு வளர்ந்து கொசு மாதிரி ஒரு பூச்சியாகி மேலே வரும். கடிக்காது, பாவம், அதற்கு வாயே சரியாகக் கிடையாது. எத்தனை மேலே வந்தன என்று எண்ணவேண்டும். சும்மா ஜாடியில் போட்ட புழுவே செத்துப்போனால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ருக்குவுக்கு அடுத்த வருஷம் ஐம்பத்தெட்டு, ரிட்டயர் ஆகிற வயசு. காலையில் சமையலை முடித்து, டப்பா கட்டி, மாட்டுங்காவில் ஸ்லோ வண்டி பிடித்து, தாணேயில் பாலம் ஏறி இறங்கி, ஐரோலி வண்டி மாறி, அங்கிருந்து ஷேர் ரிக்ஷா. சாயங்காலம் இதையே தலைகீழாக. முழங்கால் இரண்டும் தாணே பாலத்தை வெறுத்தன. புருஷன் மகாதேவன் ரயில்வே கணக்கு ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஆனால் துவைக்கிற மெஷினை மட்டும் தன் சொந்த டிபார்ட்மெண்டாக எடுத்துக்கொண்டுவிட்டார். அதுவரைக்கும் லாபம் என்று ருக்கு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

சோதனைக்குச் சேறு கல்யாணுக்கு அப்பால் ஒரு மலையடிக் குளத்திலிருந்து வந்தது. அதைச் சலித்து இலை, நத்தை, வேறு புழு எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். லேபில் இருந்த ஸ்டீல் சல்லடை மழை தொடங்கும்போதே கிழிந்துவிட்டது. புதுசு கேட்டதற்கு மேனேஜர் மாதவ், "அடுத்த குவாட்டர் பார்க்கலாம் மேம்" என்றான். செம்பூரில் வளர்ந்த பையன், மரியாதை தெரிந்தவன்தான். ஆனால் அவனுக்கு எல்லாமே அடுத்த குவாட்டர். சேறோ பக்கெட்டில் நாறிக்கொண்டிருந்தது. ருக்கு மறுநாள் வீட்டிலிருந்து மகாதேவனின் பழைய வேட்டி ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு போய், இரண்டாக மடித்து, புளி கரைத்து வடிகட்டுவதுபோலச் சேற்றை வடிகட்டினாள். சல்லடையைவிட நன்றாகவே வடிந்தது. வீட்டில் எதெல்லாம் இப்படி ஓடுகிறது. இது மட்டும் ஓடாதா?

சோதனை முடிந்தபோது எல்லா ஜாடியிலும் பூச்சி குறைவு. சும்மா ஜாடியிலும்.

மாதவ் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "க்ளையன்ட் தினம் போன் பண்றான் மேம். நான் என்ன சொல்றது?"

"தெரியலை மாதவ். தண்ணி சரியா இருந்தது, சூடு சரியா இருந்தது."

"ரூமுக்கு வேற யார் போனா?"

அப்போதுதான் ருக்குவின் கண்ணில் அது பட்டது. புழு அறைக்கு முன்னால் கோட் மாற்றிக்கொள்கிற சின்ன அறை. அதன் மூலையில் பிளக்கில் ஒரு கொசு மெஷின், சிவப்பு விளக்கோடு. இரவும் பகலும் கொசு மருந்தைப் புகைத்துக்கொண்டு.

"இதை யார் வெச்சா?" என்றாள் ருக்கு. குரல் உயர்ந்துவிட்டது.

வைத்தது விஜயராணி. தாராவியிலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் பெண்பிள்ளை. ஐம்பதைத் தாண்டியவள். ஏஜென்சி மூலமாக வேலை. சின்ன அறையில் அவ்வப்போது தப்பித்துப் பறந்த பூச்சிகளைக் கொசு என்று நினைத்து, வீட்டிலிருந்த மெஷினைக் கொண்டுவந்து செருகிவிட்டாள். போன வருஷம் அவள் மகள் டெங்குவில் கிடந்து மீண்டவள். கொசுவைக் கண்டால் சும்மா போகிற நிலையில் அவள் இல்லை.

மாதவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ருக்குவுக்கும்தான். கேட்டவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள்: "மெஷின்தான். வேற என்ன." மாதக் கடைசியோடு விஜயராணியை வேலையிலிருந்து நிறுத்திவிடும்படி ஏஜென்சிக்குச் சொல்லியாயிற்று.

மறுநாள் காலை வண்டியில் ருக்குவுக்கு நாலாவது சீட் கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் பலகையில் பாதித் தொடையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருகிற இடம். சயனில் ஏறிய விஜயராணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நேராக அவள் முன்னால் நின்றாள். மேலே கைப்பிடியைப் பிடித்திருந்த கை, ருக்குவின் தலைக்கு மேலே.

"மேடம், நான் அந்தப் புழு ரூம்புக்குள்ள காலெடுத்து வெக்கல. துணி மாத்துத ரூம்புலதான் வெச்சேன்."

"நடுவுல கதவு ஒண்ணுதானே விஜயராணி."

"கதவு சாத்தித்தான கெடக்கு. நீங்கதான அதைச் சாத்தச் சொல்லிச் சத்தம் போடுவிய."

"புகைக்குக் கதவு தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும், நீங்க கொசுவை வளக்கியன்னு? முனிசிபாலிட்டிக்காரன் எங்க வீட்டுல டிரம்முல தண்ணி நின்னா ஃபைன் போடுதான். இங்க என்னடான்னா ஏசி போட்டு வளக்காவ."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்திக்காரி வார்த்தை புரியாவிட்டாலும் ஆளைப் பார்த்துச் சிரித்தாள். ருக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஜயராணி குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "மேடம், எங்க வீட்டுக்காரருக்குப் பட்டறையில கால் போனதுல இருந்து என் சம்பளம்தான். இந்த வயசுல புதுசா யாரு எடுப்பா? ஏஜென்சியில கேட்டேன். சின்னப் பிள்ளைகளைத்தான் கேக்காவளாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாதவ் சார் கேப்பாரு."

"நான் பார்க்கறேன்" என்றாள் ருக்கு.

அது சும்மா சொன்னது, இரண்டு பேருக்கும் தெரியும். விஜயராணி குர்லா வரைக்கும் நின்றாள். பிறகு கதவுப் பக்கம் போய்விட்டாள். ருக்கு கண்ணை மூடிக்கொண்டாள். தாணே வரைக்கும் தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து துண்டால் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட முடியிலிருந்து தண்ணீர் முதுகில் சொட்டியது. துண்டு என்னவோ பஞ்சு மாதிரி இருந்தது. தண்ணீர்தான் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"ஏன்னா, இந்தத் துண்டு ஏன் தண்ணியே இழுக்க மாட்டேங்கறது?"

மகாதேவன் பேப்பரை இறக்கினார். முகத்தில் பெருமை. "மெத்துனு இருக்கோல்லியோ? உன் பொண்ணு மானசா போன்ல சொன்னா. கடைசி அலசல்ல ஒரு மூடி சாஃப்ட்னர் விட்டுண்டு வரேன். மழைல துணி காயாம நாத்தம் அடிக்கறதேன்னு."

"எப்போலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

ருக்கு ஈரத் தலையோடு அப்படியே நின்றாள். "வேஷ்டிக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். வேஷ்டி மட்டும் என்ன பாவம் பண்ணித்து?"

"ஒரு மூடிதானே?"

"நாத்தம் ஜாஸ்தியா இருந்தா ரெண்டு."

மெஷினுக்குப் பின்னால் நீலப் பாட்டில் இருந்தது. எடுத்துப் பின்பக்கம் பார்த்தாள். அவள் ஜாடிகளில் சொட்டுக் கணக்கில் அளந்து விட்ட சரக்கின் ஜாதிதான். அதைத் துணியில் ஏற்றி, அந்தத் துணியில் சேற்றை ஊற்றிப் பிழிந்து, அதைச் சுத்தமான சேறு என்று சும்மா ஜாடியிலும் போட்டிருக்கிறாள்.

"நன்னாத்தானே பண்ணியிருக்கேன்" என்றார் மகாதேவன், அவள் பார்வையைக் கண்டு. "பாராட்ட வேண்டாம். இப்படிப் பார்க்காதே."

"உங்களை ஒண்ணும் சொல்லலை."

மத்தியானம் படுத்தாள், தூக்கம் வரவில்லை. வம்சத்துக்காக வளர்க்கிற புழுக்கள் வேறொரு தொட்டியில், அதே அறையில், அதே கொசு மெஷின் புகையில்தான் இருந்தன. அவை கொழுகொழுவென்று இருந்தன. அதைத் தினமும் பார்த்தவள் அவள்தான். புகை காரணமென்றால் அந்தத் தொட்டியும் காலியாகியிருக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. களைத்தவளுக்குக் கையில் அகப்பட்ட முதல் காரணமே போதும். அந்தக் காரணம் ஒரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் வசதி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வேட்டி வீட்டுக்கு வந்து எப்போதோ துவைத்து மடித்தாயிற்று. மாதம் முடிந்தால் விஜயராணி வரமாட்டாள். காலை வண்டியில் ஒரு முகம் குறையும், அவ்வளவே. ருக்கு இதையெல்லாம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது அவளுக்கு இல்லாத பெருமையைக் கட்டிவிட்டதாகும்.

திங்கட்கிழமை வேட்டியில் ஒரு ஓரத்தைக் கிழித்து எடுத்துப்போனாள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அந்தக் கிழிசலைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். இன்னொன்றில் கடையில் வாங்கி வெந்நீரில் அலசிய புதுத் துணி. இரண்டிலும் தொட்டியிலிருந்து குஞ்சுப் புழுக்கள். சாயங்காலம் பார்த்தபோது புதுத் துணிக் கிண்ணத்தில் எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. வேட்டிக் கிண்ணத்தில் பாதிக்கு மேல், பென்சிலால் தொட்டாலும் அசையவில்லை.

மாதவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். வேட்டி, மூடி, துண்டு எல்லாவற்றையும். அவன் நடுவில் ஒரு தடவை சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"மேம், நீங்க இதை எங்கிட்ட சொன்னதையே நான் மறந்துடறேன்."

"வேண்டாம். ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

"புரிஞ்சுக்கங்க மேம். ஹவுஸ்கீப்பிங் தப்புன்னா க்ளையன்ட் தலையாட்டிட்டுப் போயிடுவான். லேப் சீனியர் புருஷனோட வேட்டில சேறு வடிகட்டினாங்கன்னா ஆடிட் வரும். பழைய ஸ்டடியெல்லாம் தோண்டுவாங்க."

"தோண்டட்டும். பழசெல்லாம் நல்ல சல்லடையில சலிச்சது."

"அப்புறம் அந்தப் பொருள் புழுவைக் கொல்றதுன்னு நாமே ப்ரூவ் பண்ணின மாதிரி ஆகாதா?"

"ஒண்ணும் ப்ரூவ் ஆகலை. துணியிலேர்ந்து எவ்வளவு இறங்கித்துன்னே தெரியாது. ஆத்துல அவ்வளவு சேருமான்னும் தெரியாது. கிண்ணத்துல செத்ததை வெச்சு ஆத்தைப் பத்திப் பேசக்கூடாது. மறுபடி போட்டுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

மாதவ் நெற்றியைத் தேய்த்தான். "உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைல் மேல போயிருக்கு. ரெண்டு வருஷம். இப்போ இது போச்சுன்னா..."

"கீழே எடுத்து வெச்சுடுங்கோ."

"யோசிச்சுச் சொல்லுங்க மேம்."

"யோசிக்கறதுக்குத் தெம்பு இல்லை மாதவ். அந்தப் பொம்பளையை வேலையை விட்டு நிறுத்தாதீங்கோ. காரணத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

போட்டுக் கொடுத்தாள். க்ளையன்ட் இரண்டு நாள் கத்திவிட்டு, மறுசோதனைக்குச் சம்மதித்தான். ஸ்டீல் சல்லடை, அடுத்த குவாட்டர் வரவேண்டியது, அந்த வாரமே வந்து இறங்கியது. ருக்குவின் எக்ஸ்டென்ஷனைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

விஜயராணியை நிறுத்தவில்லை. ஆனால் லேபிலிருந்து எடுத்துத் தரைத்தளத்தில் கக்கூஸ்களுக்குப் போட்டார்கள். காலை வண்டியில் அவள் ருக்கு இருக்கும் பக்கமே வருவதில்லை. சேற்றைப் புதுசாகச் சலித்து, ஜாடி வைத்து, புழுக்கள் பாதி வளர்ந்திருந்த சமயத்தில், ஒருநாள் ஐரோலியில் ரிக்ஷா வரிசையில் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நிற்கும்படி ஆயிற்று.

"உன் வேலை போகலையே, நல்லதாப் போச்சு" என்றாள் ருக்கு.

விஜயராணி திரும்பிப் பார்த்தாள். "எங்க போகல? தீபாவளிக்கு ஏஜென்சி காண்ட்ராக்ட் மாத்துது. கம்ப்ளைண்ட் இருக்கவளை எல்லாம் கழிச்சுக் கட்டுதாவ. எம் பேருல கம்ப்ளைண்ட் அப்படியே கெடக்கு."

"நான்தான் எழுதிக் கொடுத்தேனே."

"மாதவ் சாருக்குக் குடுத்திய. நாணு சூப்பர்வைசருக்கு யாரு சொன்னா? அவரு என்னைய இன்னும் கொசு மெஷின்னுதான் கூப்பிடுதாரு. கூட இருக்குத பிள்ளைகளும்தான். ஹபீபா நேத்து வாளியக் கூட எடுத்து ஒளிச்சு வெச்சா, நான் ஏதாவது ஊத்திருவேனாம்."

ரிக்ஷா வந்தது, ஏறினார்கள். இறங்கும்போது விஜயராணி சொன்னாள்: "நீங்க எல்லார் முன்னாலயும்தான மெஷின் மெஷின்னிய. அதை மாத்திச் சொல்லுததும் அப்படித்தான இருக்கணும்."

மத்தியானம் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ருக்கு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள். படிக்கட்டுக்கு அடியில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் அறை. வாளிகள், பினாயில் வாசனை, தரையில் அட்டையைப் பிரித்துப்போட்டு ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாணு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்குவைக் கண்டதும் எழுந்தார்.

"க்யா ஹுவா மேடம்? மேலே தண்ணி கொட்டிடுச்சா?"

"இல்லை. ஒண்ணு சொல்லணும். விஜயராணி வெச்ச மெஷினால எங்க டெஸ்ட் கெடலை. நான் தப்பான துணியில சேறு வடிகட்டினேன். அதனால கெட்டது. தப்பு என்னோடது. அவ மேல போட்டதும் நான்தான்."

ஹிந்தியில் ஒரு தடவை சொன்னாள். தமிழில் இன்னொரு தடவை. தமிழில் சொல்லும்போது விஜயராணியைப் பார்த்துச் சொன்னாள். ஹபீபா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். யாரோ ஒருத்தி, "அரே, மேடம் லோக் பீ கல்தி கர்தே?" என்றாள், மேடம்கள்கூடத் தப்பு பண்ணுவார்களா என்று. இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

"டீக் ஹை மேடம், சரி சரி" என்றார் நாணு. அவருக்கு அது முடிந்துபோன விஷயம்.

"டீக் இல்லை. ஏஜென்சிக்கு நீங்க கொடுத்த கம்ப்ளைண்டை எடுக்கணும். இப்போ போன் பண்ணுங்கோ, நான் நிக்கறேன்."

நாணு ஒருகணம் அவளைப் பார்த்தார். பிறகு மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு மலையாளத்தில் பேசினார். ருக்கு பாலக்காட்டுக்காரி. அவளுக்கு அது புரியாது என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ. பெரிய மேடம் ஒருத்தி வந்து உயிரை எடுக்கிறாள், அந்தக் கொசுக் கேஸை விட்டுவிடுங்கள் என்றார். போதும். ருக்குவுக்கு வேண்டியதும் அதுதான்.

விஜயராணி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வாசல் வரைக்கும் வந்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

"லேபுக்கு உன்னைத் திரும்ப அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் ருக்கு.

"வேண்டாம் மேடம். கக்கூஸுன்னா கழுவுனமா வந்தமான்னு இருக்கும். உங்க ரூம்புல எதைத் தொட்டா எது சாவும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கே தெரியலை."

"அதான் பாத்தமே" என்றாள் விஜயராணி. பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "லிஃப்ட் மூணு மணிக்குத்தான் சரியாவுமாம். அதுவரைக்கும் இங்கன வேணா உக்காருங்க. முட்டி வலியோட ஏறாதிய" என்றாள்.

"புழுவுக்குத் தீனி போடணும்."

"அப்ப ஏறுங்க."

ருக்கு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.